கூரையில் கட்டும் அணை

அமெரிக்காவின் வடகிழக்கில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் கரையில் அமைந்த பாஸ்டன் மாநகரத்து ஜனங்கள் பனிக்குப் புதியவர்கள் அல்லர். ஆண்டுதோறும் நாலைந்து மாதம் அதனோடு மல்லுக்கட்டியே வாழ்ந்து பழகியவர்கள். ஆயினும் 2014-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கி 2015-ஆம் ஆண்டின் வசந்தம் வரை நீடித்த ஒரு குளிர்காலத்தை அவர்கள் இன்றும் மறக்கவில்லை. அந்தப் பருவத்தில் பெய்த பனியின் மொத்த அளவு 110.6 அங்குலம், பிப்ரவரி மாதத்தில் மட்டும் 64.8 அங்குலம். ரயில்கள் நின்றன, பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, தெருக்களிலிருந்து வாரிக் கொண்டுபோய்க் குவித்த பனியில் கடைசிக் குவியல் உருகி முடிந்தது ஜூலை 14-ஆம் தேதி என்று நகர நிர்வாகமே அறிவித்தது என்றால், அந்த வருஷத்துப் பனியின் பராக்கிரமத்தை வாசகர்கள் ஒருவாறு ஊகித்துக்கொள்ளலாம்.

அந்தக் குளிர்காலத்தில் பாஸ்டனிலும் அதைச் சூழ்ந்த நியூ இங்கிலாந்துப் பிரதேசத்திலும் எத்தனையோ குடும்பங்கள் ஒரு விசித்திரமான கஷ்டத்துக்கு ஆளாயின. வெளியே மழை ஒரு துளியும் இல்லை. நீர் என்பதே திரவ ரூபத்தில் நிற்க முடியாத குளிர். அப்படியிருக்க, வீட்டுக்குள்ளே கூடத்தின் சீலிங்கில் முதலில் கைக்குட்டை அளவில் ஒரு பழுப்பு வட்டம் தோன்றி, மறுநாள் அது துண்டு அளவுக்கு விரிந்து, அதற்கு அடுத்த நாள் ஜன்னல் சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து நீர் சொட்டத் தொடங்கிற்று. வாளிகளும் பாத்திரங்களும் அறையெங்கும் வைக்கப்பட்டன. சுவரின் வர்ணம் கொப்புளித்து உரிந்தது. நீர் வடிந்து ஓய்ந்த சில வாரங்களில் சுவருக்குள் பூஞ்சணம் பிடித்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் நஷ்டஈட்டு மனுக்கள் குவிந்தன.

மழையில்லாத ஒழுக்கலுக்குக் காரணம் கூரையின் ஓரத்தில், அதாவது இறவாரத்தில், வரப்புப் போட்டாற்போல் கட்டிக்கொள்ளும் ஐஸ்தான். அந்நாட்டார் அதனை ஐஸ் அணை என்றே வழங்குகிறார்கள். வானத்திலிருந்து மெத்தென்று விழுவதைப் பனி என்றும், அது உருகி மறுபடி கெட்டியாக உறைந்ததை ஐஸ் என்றும் இக்கட்டுரையில் வேறுபடுத்திக்கொண்டால் மேலே சொல்லப்போகும் விஷயங்கள் குழப்பமில்லாமல் விளங்கும்.

குளிர்தேசத்துச் சாதாரண வீடு பெரும்பாலும் மரச் சட்டங்களால் ஆனது. மனிதர் புழங்கும் அறைகளுக்கு மேலே சீலிங். சீலிங்குக்கு மேலே, இரு பக்கமும் சரிந்த கூரையின் அடியில், முக்கோண வடிவில் ஒரு வெற்றிடம். இதற்கு அட்டிக் என்று பெயர். அட்டிக்கின் மேலே கைமரங்கள், கைமரங்களின்மேல் பலகை, பலகையின்மேல் தார் ஏற்றிய ஷிங்கிள் என்னும் தகடுகள். இந்த ஷிங்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி அமரும்படி அடிக்கப்படுபவை. மேலிருந்து கீழே ஓடும் நீரை வழியவிடுவது ஒன்றே அவற்றின் தொழில்; தேங்கி நின்று கீழிருந்து மேலே ஏறும் நீரைத் தடுக்கும் சக்தி அவற்றுக்குக் கிடையாது. குளிர்காலத்தில் அறைகளின் உஷ்ணம் 20 டிகிரி செல்சியஸ் அளவில் வைக்கப்படுகிறது. அந்த உஷ்ணத்தில் ஒரு பகுதி, சீலிங்கின் வழியாக எப்படியோ தப்பி அட்டிக்குக்குள் புகுந்து, கூரைப் பலகையின் உட்புறத்தைச் சூடாக்குகிறது.

அவ்வாறு சூடேறிய கூரையின்மேல் ஓரடிக் கனத்தில் பனி கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதுப்பனியின் பெரும்பகுதி காற்றுதான் ஆகையால், அது உஷ்ணத்தை எளிதில் கடத்தாது. வெளிக் குளிர் கூரைப் பலகையை அண்டவொட்டாமல் அது போர்த்திக் காக்கிறது. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியும் அட்டிக்கில் பூஜ்யத்துக்கு மேலே 5 டிகிரியும் இருந்தால், அந்தப் பனிப் படுகையின் மேற்பரப்பு கல்லாய் உறைந்திருக்கும் நேரத்திலேயே அதன் அடிப்பகுதி, பலகையைத் தொட்டுக்கொண்டிருக்கும் பகுதி, உருகத் தொடங்கிவிடும். உருகிய நீர் பனிக்கு அடியில், ஒருவர் கண்ணுக்கும் தெரியாமல், சரிவு வழியே கீழே இறங்குகிறது. சுவரைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறவாரத்தை அது அடைந்தவுடன் நிலைமை அடியோடு மாறிவிடுகிறது. ஏனென்றால் இறவாரத்தின் அடியில் வெதுவெதுப்பான அறை இல்லை. மேலும் குளிர், கீழும் குளிர். அங்கே வந்த நீர் அங்கேயே உறைகிறது. பின்னால் வரும் நீர் அதன்மேல் உறைகிறது. இப்படி நாளுக்கு நாள் அந்த வரப்பு உயர்ந்து, ஒரு நாள் அதற்குப் பின்னால் நீர் குளமாகத் தேங்கி, தேங்கிய நீர் ஷிங்கிள்களின் இடுக்கு வழியே பின்னோக்கி ஏறி, ஆணித் துவாரங்களில் புகுந்து, பலகையை நனைத்து, சுவருக்குள் இறங்குகிறது.

இதற்கு எவ்வளவு உஷ்ணம் வேண்டும் என்று கேட்டால், விடை நம்மைத் திடுக்கிட வைப்பதாக இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பௌதிகத்தில் உள்ளுறை வெப்பம் என்று ஒன்று படித்திருப்போம். ஒரு கிராம் ஐஸ் உருகி நீராவதற்கு 80 கலோரி வேண்டும் என்பது அந்தப் பாடம். அந்தக் கணக்கின்படி, ஒரு சாதாரண மின்சார இஸ்திரிப் பெட்டி வாங்கும் அளவான ஒரு கிலோவாட் உஷ்ணம் இடைவிடாமல் கூரைக்குப் போய், அவ்வளவும் பனியை உருக்குவதிலேயே செலவாகுமானால், ஒரே நாளில் ஏறத்தாழ 250 கிலோ பனி நீராகிவிடும். பெரிய வீடொன்றில் ஒரு கிலோவாட் உஷ்ணம் அட்டிக்குக்குக் கசிவது அபூர்வம் அல்ல. ஒரு வாரம் இது நீடித்தால் இறவாரத்தில் வந்து சேரும் நீரின் அளவை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்காரர்கள் இந்த உபத்திரவத்துக்குக் கூரையையே குற்றம் சொல்வது வழக்கம். அல்லது கூரை வேய்ந்தவனை. அல்லது இறவாரத்தில் மாட்டியிருக்கும் தகரப் பீலியை. பீலியில் இலையும் சருகும் அடைத்துக்கொண்டதனால்தான் ஐஸ் கட்டுகிறது என்னும் நம்பிக்கை மிகப் பரவலானது. பீலியே இல்லாத வீட்டிலும் அணை கட்டுகிறது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை. இந்த விவாதத்தைத் தீர்ப்பதற்கு ஆராய்ச்சிசாலை எதுவும் வேண்டாம். பனி பெய்து இரண்டு மூன்று நாளான பிறகு ஒரு தெருவில் நடந்து போனாலே போதும். வீட்டை ஒட்டிக் காரை நிறுத்தும் கொட்டகை ஒன்று பெரும்பாலும் இருக்கும். அதை யாரும் சூடாக்குவதில்லை. அதே வானம், அதே பனி, அதே ஷிங்கிள், அதே பீலி. ஆனால் கொட்டகைக் கூரையில் பனி விழுந்தது விழுந்தபடியே சமமாகக் கிடக்கும், ஓரத்தில் ஐஸ் பெரும்பாலும் இராது. வீட்டுக் கூரையிலோ ஓரிடத்தில் பனி கரைந்து ஷிங்கிள் கறுப்பாகத் தெரியும், புகைபோக்கியைச் சுற்றி ஒரு பள்ளம் விழுந்திருக்கும், இறவாரம் முழுவதும் ஆலமர விழுதுகள்போல் ஐஸ் தொங்கும். அந்த விழுதுகளைப் பார்த்து, என்ன அழகு என்று படம் பிடிப்பவர்கள் உண்டு. விஷயம் தெரிந்தவனோ, இந்த வீட்டில் எரிபொருள் காசு கூரை வழியே போகிறது என்று சொல்லிக்கொண்டு நடப்பான்.

ஆகவே, ஐஸ் அணை என்பது கூரையின் தோஷம் அன்று, சீலிங்கின் தோஷம். அதை மேலேறி வெட்டுவதைவிட உள்ளே போய் அடைப்பதே விவேகம் என்பது என் முடிவான அபிப்பிராயம். உலகம் இந்த உண்மையை அறிந்துகொண்ட கதையும் சுவாரசியமானதுதான்.

1970-களில் எண்ணெய் விலை ஏறி, அமெரிக்கர் தங்கள் வீட்டு உஷ்ணம் எங்கே போகிறது என்று கவலைப்படத் தொடங்கிய காலத்தில், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் ட்வின் ரிவர்ஸ் என்னும் குடியிருப்பைத் தேர்ந்தெடுத்து, ஒரே மாதிரியாகக் கட்டப்பட்ட வரிசை வீடுகளில் கருவிகளைப் பொருத்தி அளந்து பார்த்தார்கள். அட்டிக்கின் தரையில் விரித்திருந்த கண்ணாடிப் பஞ்சின் கனத்தை வைத்துப் புத்தகக் கணக்குப் போட்டால், இவ்வளவு உஷ்ணம்தான் மேலே போக வேண்டும் என்று ஒரு தொகை கிடைக்கிறது. உண்மையில் போனதோ அதைப்போலப் பன்மடங்கு. கௌதம் தத் என்பவரும் அவருடைய சகாக்களும் இந்த வித்தியாசத்தைத் துருவிக்கொண்டு போனபோது, பஞ்சு தன் வேலையைச் சரியாகத்தான் செய்துகொண்டிருந்தது, ஆனால் உஷ்ணக் காற்று பஞ்சின் வழியாகப் போகவே இல்லை, பஞ்சைச் சுற்றிக்கொண்டு போயிற்று என்பது வெளியாயிற்று. இரு வீடுகளுக்கு நடுவிலிருந்த பொதுச்சுவர் உள்ளே பொள்ளலான கற்களால் கட்டப்பட்டிருந்தது. அந்தப் பொள்ளல்கள் மேலே அட்டிக்கில் வாய் திறந்திருந்தன. கட்டியவர்கள் தம்மை அறியாமலே ஒவ்வொரு வீட்டுக்கும் சுவருக்குள் ஒரு புகைபோக்கி வைத்துவிட்டார்கள்.

சூடான காற்று லேசானது, மேலே எழும்புவது. இது அதன் ஸ்வபாவம். குளிர்காலத்தில் மூடிய வீட்டின் மேற்பகுதியில் அந்தக் காற்று சீலிங்கை உள்ளிருந்து மெல்ல அழுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கே துவாரம் கண்டாலும் வெளியேறுகிறது. வெளியேறிய அளவுக்குக் கீழ்த்தளத்து இடுக்குகளின் வழியே குளிர்காற்று உள்ளே வருகிறது. இரவும் பகலும் ஓயாது நடைபெறும் இந்த ஓட்டத்தை அந்த வீட்டில் வசிப்பவர் உணர்வதே இல்லை. கால் சில்லிடுகிறது என்று மட்டும் சொல்வார்கள்.

இனி, அந்தத் துவாரங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். குளிர் கடுமையாக உள்ள ஒரு காலை வேளையில் டார்ச் விளக்கோடு அட்டிக்குக்குள் தலையை நீட்டினால், முதலில் கண்ணில் படுவன கூரைப் பலகையைத் துளைத்துக்கொண்டு உட்புறம் நீட்டியிருக்கும் ஷிங்கிள் ஆணிகளின் முனைகள். ஒவ்வொரு முனையிலும் உறைபனி வெள்ளை வெளேரென்று பூத்திருக்கும். அது கீழே அறைகளிலிருந்து வந்த ஈரம். குளித்த நீரின் ஆவியும் கொதித்த குழம்பின் ஆவியும் மனிதர் விட்ட மூச்சும்தான் அங்கே இரும்பின்மேல் ஐஸாக அமர்ந்திருக்கின்றன. பின்னர் தரையில் விரித்த பஞ்சைப் பார்க்க வேண்டும். வெளிர் நிறமான பஞ்சில் ஆங்காங்கே அழுக்கேறிக் கறுத்த திட்டுகள் தென்படும். எலி செய்த வேலை என்றோ பூஞ்சணம் என்றோ நினைத்துப் பலர் விட்டுவிடுவார்கள். அந்தத் திட்டைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நிச்சயமாக ஒரு துவாரம் இருக்கும். வருஷக்கணக்காக அதன் வழியே ஏறிய காற்று, வீட்டுத் தூசியைப் பஞ்சிலே வடிகட்டிவிட்டுத் தான் மட்டும் மேலே போயிருக்கிறது. துவாரம் தேடுகிறவனுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி இல்லை.

சீலிங்கில் பதித்த வட்ட விளக்குகள் முதல் குற்றவாளிகள். பழைய ரகத்தில், விளக்கு அதிகமாகச் சூடேறிவிடாதிருக்க வேண்டும் என்று அதன் கூட்டிலேயே துளைகள் வைத்திருப்பார்கள். அழகுக்காக ஒரு கூடத்தில் எட்டுப் பத்து விளக்கு வைத்தால், எட்டுப் பத்து ஓட்டை போட்டதாகும். கழிவுநீர்க் குழாயின் ஆவி வெளியேறக் கூரை வரைக்கும் போகும் குழாயைச் சுற்றித் தச்சன் தாராளமாக அறுத்துவிட்ட இடைவெளி மற்றொன்று. மின்சாரக் கம்பிகள் போகும் துளைகள், தடுப்புச் சுவர்களின் தலைமாடு, குளியலறையின் மேலே தாழ்த்திக் கட்டிய சீலிங்கின் பின்புறம், இவை யாவும் கணக்கில் சேரும். அட்டிக்குக்கு ஏறும் வாயிலை மூடியிருக்கும் பலகையோ பெரும்பாலும் சட்டத்தின்மேல் சும்மா வைத்ததாகவே இருக்கிறது. ரப்பர்ப் பட்டையும் இல்லை, முதுகில் வெப்பத் தடுப்பும் இல்லை. ஆயிரக்கணக்கில் செலவிட்டு வாசற்கதவுக்குப் பட்டை ஒட்டுகிறவர்கள், தலைக்கு மேலே உள்ள இந்தக் கதவை நினைப்பதே இல்லை.

இவற்றை அடைப்பது பெரிய வித்தை அன்று. சிறு துளைக்கு அடைப்புப் பசை, நடுத்தரமானதற்கு நுரை, பெரியதற்குப் பலகைத் துண்டோ தகடோ வைத்து விளிம்பில் பசை. ஆனால் புகைபோக்கியின் அருகில் மட்டும் நுரையைக் கொண்டு போகலாகாது. நெருப்புப் பயத்தால் புகைபோக்கிக்கும் மரச் சட்டத்துக்கும் இடையே இரண்டங்குல அளவு இடைவெளி விட வேண்டும் என்பது கட்டட விதி. அந்த இடைவெளியை இரும்புத் தகட்டாலும் நெருப்பைத் தாங்கும் பசையாலும்தான் மூட வேண்டும். துவாரங்களைக் கண்ணால் தேடிச் சலித்தவர்கள் தொழிற்காரரை அழைத்தால், அவர்கள் வாசற்கதவில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுப்பார்கள். அப்போது ஒவ்வோர் இடுக்கிலும் குளிர்காற்று உள்ளே சீறி வருவதைக் கையாலேயே உணரலாம்.

துவாரம் அடைத்த பிறகே பஞ்சின் கனத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றுகிறவர்கள்தாம் பெரும்பாலோர். கண்ணுக்குத் தெரியும் வேலை ஆகையால் பஞ்சை மேலே மேலே கொட்டிவிட்டு, அடியிலுள்ள ஓட்டைகளை அப்படியே புதைத்துவிடுகிறார்கள். வெப்பத் தடுப்பின் வலிமையை அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர் என்னும் அளவால் குறிப்பார்கள். குளிர் மிகுந்த மாநிலங்களில் அட்டிக்குக்கு ஆர்-49 முதல் ஆர்-60 வரை சிபாரிசு செய்யப்படுகிறது. பழைய காகிதத்தை அரைத்துச் செய்த செல்லுலோஸ் பஞ்சானால் ஆர்-60 என்பது ஏறத்தாழ ஒன்றரை அடிக் கனம். பழைய வீடுகளில் நாலு அங்குலமோ ஆறு அங்குலமோ கிடக்கும். அதுவும் இறவாரத்தை நெருங்க நெருங்கக் கூரை சரிந்து இடம் குறுகுவதனால், எங்கே மிகுதியாக வேண்டுமோ அங்கே மிகக் குறைவாக இருக்கும்.

மூன்றாவது உபாயம் காற்றோட்டம். இறவாரத்தின் அடியிலுள்ள துளைகளின் வழியே வெளிக்காற்று அட்டிக்குக்குள் நுழைந்து, முகட்டில் உள்ள பிளவு வழியே வெளியேறுமானால், சீலிங்கைத் தப்பி வந்த சிறிது உஷ்ணத்தையும் அது வாரிக்கொண்டு போய்விடும், கூரைப் பலகை குளிர்ந்தே இருக்கும், பனி உருகாது. அமெரிக்க ராணுவப் பொறியியல் பிரிவுக்கு நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹானோவர் நகரில் குளிர்ப் பிரதேச ஆராய்ச்சிசாலை ஒன்று உண்டு. அதைச் சேர்ந்த வேய்ன் டோபையாஸன் முதலானோர், போர்ட் டிரம் என்னும் ராணுவ முகாமில் ஐஸ் கட்டி அல்லற்படுத்திய கட்டடங்களை ஆராய்ந்து, 1990-களில் ஓர் எளிய இலக்கணம் வகுத்தார்கள்: வெளியே பாரன்ஹீட் 22 டிகிரி இருக்கும்போது அட்டிக் 30 டிகிரியைத் தாண்டாமல் இருக்கும்படி காற்றோட்டம் அமைந்தால், இறவாரத்து ஐஸ் தொல்லை தராது. உறைநிலை 32 டிகிரி என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் இதன் நியாயம் விளங்கும். ஆனால் காற்றோட்டத்தைத் துரிதப்படுத்துகிறேன் என்று அட்டிக்கில் மின்விசிறி வைத்து உறிஞ்சுகிறவர்கள், ஓட்டைகளை அடைக்காமல் அப்படிச் செய்வார்களேயானால், கீழே உள்ள அறைகளின் சூட்டையே உறிஞ்சி மேலே கொண்டு வருவார்கள், விபரீதம் அதிகரிக்கும்.

இம்மூன்றையும் முறையாகச் செய்ய இடங்கொடாத வீடுகளும் இருக்கின்றன. நியூ இங்கிலாந்தில் கேப் காட் என்னும் பாணியில் கட்டிய குட்டை வீடுகள் ஏராளம். அவற்றில் அட்டிக்கையே அறையாக்கி, சாய்ந்த கூரையின் உட்புறத்தில் நேராகச் சீலிங் அடித்து, இரு பக்கமும் இடுப்பளவுச் சுவர் எழுப்பியிருப்பார்கள். சீலிங்குக்கும் கூரைப் பலகைக்கும் இடையே ஒரு கைமரத்தின் கனம்தான் இடம். அதிலே பஞ்சை அடைத்தால் காற்றுக்கு வழியில்லை, காற்றுக்கு வழிவிட்டால் பஞ்சுக்கு இடமில்லை. ஐஸ் அணை இத்தகைய வீடுகளைத் தேடித் தேடிப் பிடிக்கிறது. அடுத்த முறை ஷிங்கிள் மாற்றும்போது பலகைக்கு மேலேயே கெட்டியான நுரைப் பாளங்களைப் பரப்பி, அதன்மேல் மறுபடி பலகை அடிப்பது ஒன்றே இவற்றுக்குத் தக்க பரிகாரம், செலவு அதிகம்தான்.

இந்தச் சங்கடத்தை முற்காலத்தார் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்த்தால், அவர்கள் கூரையைச் சூடாகவிடவே இல்லை என்று தெரிகிறது. ஆல்ப்ஸ் மலைக் குடியானவன் தன் அறைகளுக்கு மேலே உள்ள பரணில் மாடுகளுக்கான வைக்கோலை நிரப்பினான். அது தீனியுமாயிற்று, வெப்பத் தடுப்புமாயிற்று. நார்வே நாட்டில் பூர்ச்ச மரத்தின் பட்டையை நீர் இறங்காதபடி அடுக்கி, அதன்மேல் புல்லோடு கூடிய மண்கட்டிகளைப் பரப்பிக் கூரை அமைத்தார்கள். ஜப்பானின் வடக்கே சப்போரோ நகரத்தார் நம் காலத்தில் வேறு யுக்தி செய்திருக்கிறார்கள்: கூரையை வெளிப்புறமாகச் சரிக்காமல் உட்புறமாகச் சரித்து, நடுவிலுள்ள வாய்க்காலில் சேரும் நீரை வீட்டின் வெதுவெதுப்பான உட்பாகத்தின் வழியே குழாயில் இறக்கிவிடுகிறார்கள். குளிர்ந்த ஓரமே இல்லாதபோது அணை எங்கே கட்டும்?

கடையில் விற்கும் சாதனங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஷிங்கிளுக்கு அடியில் ஒட்டும் தார்ப் படலம் ஒன்று உண்டு. ஆணி துளைத்தாலும் ஆணியை இறுகப் பற்றிக்கொண்டு நீரை விடாது. குளிர்ப் பிரதேசங்களில் அதைக் கூரையின் விளிம்பிலிருந்து தொடங்கி, வெளிச்சுவரைத் தாண்டி உள்ளே 24 அங்குலமாவது வரும்படி ஒட்ட வேண்டும் என்பது அமெரிக்கக் கட்டட விதி. நல்ல காப்புதான், ஆனால் அணை கட்டுவதை அது தடுப்பதில்லை, கட்டிய பின் ஒழுகுவதை மட்டும் தடுக்கிறது. இறவாரத்தில் வளைத்து வளைத்துப் போடும் மின்சாரக் கம்பியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. வீட்டிலிருந்து தப்பிய உஷ்ணத்தால் உண்டான தொல்லையை, காசு கொடுத்து வாங்கிய வேறு உஷ்ணத்தால் தீர்க்கப் பார்ப்பது அது.

எல்லாவற்றுக்கும் காலம் கடந்து, அணை கட்டிவிட்டது, நீர் சொட்டுகிறது என்றால் என் செய்வது? கோடாரியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு கூரையேறுவதுதான் முதலில் தோன்றும் எண்ணம். அதுவே மிகவும் ஆபத்தானது. குளிரில் ஷிங்கிள் கண்ணாடியாய் நொறுங்கும்; ஏறியவன் வழுக்கி விழுந்தால் எலும்பும் அப்படியே. சமையலுப்பைத் தூவுவதும் தகாது. அது ஆணியையும் பீலியையும் அரித்து, கீழே உள்ள செடிகளைக் கருக்கும். பெண்கள் அணியும் நைலான் காலுறை ஒன்றில் கால்சியம் குளோரைடு கட்டிகளை நிரப்பி, அணையின் குறுக்காக, ஒரு முனை பீலிக்கு வெளியே தொங்கும்படி கிடத்தினால், சில மணி நேரத்தில் அது கீழே இறங்கி ஒரு வாய்க்கால் வெட்டிக்கொடுக்கும். தேங்கிய நீர் அதன் வழியே வடிந்துவிடும். சொட்டும் இடத்துக்கு நேர்மேலே அட்டிக்கில் ஒரு மேஜை விசிறியை வைத்து, வெளிக் குளிர்காற்றை அங்கே வீசச் செய்தால், ஒழுகும் நீர் ஒழுகும் இடத்திலேயே உறைந்து தற்காலிகமாக அடைபட்டுவிடுவதும் உண்டு. அணையை முழுவதும் அகற்றத்தான் வேண்டுமென்றால், குறைந்த அழுத்தத்தில் நீராவி பாய்ச்சும் தொழிற்காரரை அழைப்பதே மேல். எல்லாவற்றிலும் மலிவான உபாயம், பனி பெய்து ஓய்ந்தவுடன் தரையில் நின்றபடியே நீண்ட அலுமினியக் கோலால் இறவாரத்தையொட்டிய மூன்று நான்கு அடிப் பனியை இழுத்துத் தள்ளிவிடுவது. மின்சாரக் கம்பி அருகில் இருந்தால் அதுவும் வேண்டாம்.

இவ்வளவும் அந்நிய தேசத்துச் சங்கதி என்று தமிழ் வாசகர்கள் ஒதுக்கிவிடுவதற்கில்லை. கனடாவில் டொரண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவிலும், அதற்கு வடக்கே மார்க்கத்திலும் தமிழ்க் குடும்பங்கள் ஆயிரமாயிரமாய்ச் சொந்த வீடு வாங்கி வாழ்கின்றன. அவற்றில் பல, 1950-களிலும் 1960-களிலும் கட்டிய பழைய வீடுகள். நம்மவர் சமையலறையில் காலை முதல் இரவு வரை ஏதோ ஒன்று கொதித்துக்கொண்டும் அவிந்துகொண்டும் இருக்கிறது. சோறும் இட்டலியும் இடியப்பமும் விடுகிற ஆவி கொஞ்சநஞ்சம் அன்று. அந்த ஆவியை வெளியேற்ற விசிறி வைத்திருப்பார்கள். அந்த விசிறியின் குழாய் எங்கே போய் முடிகிறது என்று பெரும்பாலும் பார்த்திருக்க மாட்டார்கள். குளியலறை விசிறியின் குழாய் கூரையைத் துளைத்து வெளியே போகாமல் அட்டிக்குக்குள்ளேயே வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் வீடுகள் உண்டு. அத்தகைய வீட்டில், சூடும் ஈரமும் சேர்ந்து நாள்தோறும் கூரைப் பலகையின்மேல் வீசப்படுகின்றன. மேலே பனி உருகுகிறது, உள்ளே பலகை கறுத்து இற்றுப்போகிறது. கூரை போட்டு ஐந்து வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் ஒழுகுகிறது என்று வேய்ந்தவனோடு வழக்காடுவதில் பிரயோஜனமில்லை.

குளிர்காலம் தொடங்குவதற்கு முன், அட்டிக்கில் உட்கார்ந்து வேலை செய்யும் அளவுக்கு வெயில் தணிந்திருக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களே துவாரங்களை அடைக்கும் வேலைக்கு உகந்த காலம். பனி விழுந்த பிறகு தொழிற்காரர் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் கேட்ட கூலியைக் கொடுக்க வேண்டும். ஆதலால் அந்தப் பிரதேசங்களில் குடியிருக்கும் வாசகர்களையும், அங்கே பிள்ளைகளையும் உடன்பிறந்தாரையும் உடையவர்களையும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த வருஷம் இலை உதிரும்போது, புதுக் கூரைக்கு விலை விசாரிப்பதற்கு முன்னால், ஓர் ஏணியும் டார்ச் விளக்கும் எடுத்துக்கொண்டு அட்டிக்கில் ஏறி, பஞ்சிலே கறுத்த திட்டுகள் எத்தனை இருக்கின்றன என்று பாருங்கள்.